ஆணி இல்லாத பலகைத் தரை

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து கோழி கிளறிய மண் மாதிரி இருக்கும். எந்த இடத்தில் சின்ன ‘ர’, எந்த இடத்தில் பெரிய ‘ற’ என்பதில் எனக்கு இன்னும் சந்தேகம் தீரவில்லை. தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். அதற்குப் பிறகு கையில் பிடித்தது ரப்பர்ப் பால் வெட்டும் கத்திதான். நாலு பேர் கூடிய இடத்தில் எனக்குப் பேச்சும் வராது. இந்த விஷயத்தை யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று பல மாதமாக நினைத்து, வாய் வராமல், கடைசியில் கொப்பியை எடுத்தேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ரப்பர் தோட்டம் குருவிட்டைக்கு மேலே இருக்கிறது. முன்பு லயத்தில், தோட்டத்து வரிசை வீட்டில் இருந்தோம். லயத்துக்குப் பின்னால் மலையில் வெடிப்புக் கண்டதும், அங்கிருந்தவர்களை வேறு வேறு இடங்களில் குடிவைத்தார்கள். எனக்கும் மனைவிக்கும் கிடைத்தது பழைய மருந்துக்காரர் வீடு. தோட்டத்து டிஸ்பென்சரியை மூடி வெகு காலமாகிவிட்டது. வீடு மட்டும் பூட்டிக் கிடந்தது. முன்னால் ஒரு ஹால், பக்கத்தில் சமைக்கக் குசினி, பின்னால் ஒரே ஓர் அறை. ஹாலுக்குச் சிமெந்துத் தரை. அறை மட்டும் சரிவுக்கு மேலே நீட்டிக்கொண்டு, கருங்கல் தூண்களின் மேல் நிற்கிறது. அதற்குப் பலகைத் தரை.

வைகாசி மழையில் ஒரு நாள் என் மனைவி உடுப்புக் கூடையோடு அந்த அறைக்குள் போனாள். பலகை உடைந்து ஒரு கால் முழங்கால் வரை உள்ளே போய்விட்டது. நான் ஓடிப்போய்த் தூக்கினேன். காலில் சிராய்ப்புத்தான். ஆனால் அவள் காலைப் பார்க்கவில்லை, ஓட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இங்கதானே அவ வந்து படுக்கணும்” என்றாள்.

அவள் சொன்னது எங்கள் மகளை. கேகாலைப் பக்கம் கட்டிக்கொடுத்திருக்கிறோம். அப்போது அவளுக்கு ஆறாம் மாதம். ஏழாம் மாதம் வளையல் போட்டு எங்களிடம் அனுப்புவதாகப் பேச்சு. ஆட்கள் வந்து போகும் ஹாலில் பிள்ளை பெற்றவளைப் படுக்கவைக்க முடியாது. இருப்பது இந்த ஓர் அறை.

இன்னொன்றையும் இங்கே எழுத வேண்டும். எழுதக் கை கூசுகிறது. இரண்டு வருடத்துக்கு முன்னால் மகள் கோயில் திருவிழாவுக்கு வந்திருந்தாள். அப்போது நாங்கள் லயத்தில். குசினிக் கூரை ஒழுகியது என்று நான் ஒரு முழு நாள் தகரம் வைத்து ஆணி அடித்தேன். அவள் மூன்று மாதம் என்பது எனக்குத் தெரியாது, அவளே அப்போதுதான் தெரிந்துகொண்டிருந்தாள். திரும்பிப் போன பத்தாம் நாள் ஆஸ்பத்திரியில் அது கலைந்துபோனது. வீட்டில் ஒருத்தி மாசமாக இருந்தால் அந்த வீட்டில் ஆணி அடிக்கக் கூடாது, மண் வெட்டக் கூடாது, நிலை பெயர்க்கக் கூடாது என்பது எங்கள் ஆட்களின் வழக்கம். கட்டிக்கொடுத்த பெண்ணாக இருந்தாலும் தாய்வீட்டுக்கும் அது உண்டு. யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. டொக்டர் வேறு காரணம் சொன்னார். டொக்டர் சொன்னதைத்தான் நானும் நம்புகிறேன். ஆனாலும் அதற்குப் பிறகு சுத்தியலைக் கண்டால் பார்வையைத் திருப்பிக்கொள்வேன்.

ஆகவே இந்த முறை ஒரு ஆணிகூட அடிக்காமல் அந்த அறைக்குத் தரை போட வேண்டும். அதுவும் ஒரு மாதத்துக்குள்.

மனைவியிடம் கேட்டேன். உளுத்த பலகையைக் கழற்றுவது குற்றமா என்று. அவள் தீர்ப்புச் சொன்னாள்.

“புடுங்குறது பரவால்லங்க. அடிக்கிறதுதான் கூடாது.”

“புடுங்கிட்டு மறுபடி எப்படிப் போடுறது?”

“பலகைக்கு நீங்க யோசிங்க. புள்ளைக்கு நான் யோசிக்கிறேன்.”

“திருகாணி போட்டா? அது அடிக்கிறதில்லையே. திருகுறதுதானே.”

“அதுவும் ஆணிதான். பேருலயே இருக்கே.”

சிமெந்து போடலாம் என்றால் சரிவில் மண் வெட்டி நிரப்ப வேண்டும். அதற்கும் அவள் ஒத்துக்கொள்ளவில்லை. எனக்கும் துணிவில்லை.

மழைநாளில் பால் வெட்டு இல்லை. அந்த நாட்களில் வேலையைத் தொடங்கினேன். மேலே இருந்தது மெல்லிய பலகை, பிற்காலத்தில் யாரோ போட்டது. அதில் ஆணி நிறைய. குறட்டால் ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். துருப்பிடித்த ஆணி வரும்போது பலகை அழுவதுபோலச் சத்தம் வரும். இரண்டு நாளில் மேல் பலகை முழுவதும் வெளியே போயிற்று.

அதற்குக் கீழே இன்னொரு தரை இருந்தது.

கீழே இருந்த பலகைகள் அகலம், என் கைவிரல் இரண்டு சேர்த்து வைத்த கனம். தூசியைத் துடைத்தால் மஞ்சள் தெரிந்தது. பலா மரம். மொத்தம் பதினொரு பலகை, மலைப்பக்கத்திலிருந்து பள்ளத்துப் பக்கமாக நீளமாக ஓடின. மனைவியின் கால் போன இடத்தில் மட்டும் ஒரு பலகை உளுத்திருந்தது. நான் ஆணித் தலையைத் தேடினேன். ஒன்றும் கண்ணில் படவில்லை. அங்கங்கே கறுப்பு வட்டமாகக் காசளவு ஏதோ தெரிந்தது, அவ்வளவுதான். மரத்தின் கணு என்று நினைத்துவிட்டேன். அலவாங்கை இடுக்கில் விட்டு நெம்பினேன். பலகை அசையவில்லை. இன்னும் பலமாக நெம்பினேன். படார் என்று உளுத்த பலகைக்குப் பக்கத்துப் பலகையின் முனை பிளந்தது. நல்ல பலகை. அலவாங்கை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அப்போதுதான் கீழே போய்ப் பார்ப்போம் என்று தோன்றியது. பள்ளத்துப் பக்கத்தில் தூண்களுக்கு இடையே ஆள் நிமிர்ந்து நிற்கலாம், உள்ளே போகப் போகக் குனிய வேண்டும். மனைவி அங்கே விறகு அடுக்கியிருந்தாள். இத்தனை மாதமாக அங்கே போய் வந்திருக்கிறேன், ஒரு நாளும் தலை நிமிர்ந்து பார்த்ததில்லை. டோர்ச்சை மேலே அடித்தேன்.

தரையின் அடிப்பக்கம் முழுவதும் கறுப்பு முளைகள். பசுவின் மடிக்காம்புபோல வரிசை வரிசையாகத் தொங்கின. ஐந்து குறுக்குச் சட்டங்கள். ஒவ்வொரு பலகையும் சட்டத்தைக் கடக்கும் இடத்தில் ஒரு முளை. பலகையையும் சட்டத்தையும் துளைத்துக்கொண்டு கீழே இரண்டு அங்குலம் நீண்டிருந்தது. அந்த நுனியில் ஒரு சின்ன ஓட்டை. ஓட்டைக்குள் குறுக்கே ஒரு மெல்லிய சிம்பு, கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டதுபோல. ஐம்பத்தைந்து முளை, ஐம்பத்தைந்து சிம்பு. இரும்பு என்று ஒரு குண்டூசிகூட இல்லை.

நான் எத்தனை நேரம் அப்படி அண்ணாந்து நின்றேனோ தெரியாது. கழுத்து வலித்தபோதுதான் ஒரு சிம்பைத் தொட்டு இழுத்தேன். நேற்று வைத்ததுபோல வழுக்கிக்கொண்டு வந்தது. முளையை உள்ளங்கையால் மேலே தள்ளினேன். ஏறிப் போனது.

மேலே மனைவியின் குரல் கேட்டது. “ஏங்க, சீக்கிரம் வாங்க. தரையிலேருந்து என்னமோ கறுப்பாத் தல தூக்குது.”

பாம்பு என்று நினைத்துக் கையில் விளக்குமாற்றோடு நின்றாள். நான் கீழேயிருந்தே “நான்தான்” என்றேன். அதற்கு அவள் என்ன சொன்னாள் என்பதை எழுத வேண்டாம்.

பிளந்த பலகைக்கும் உளுத்ததற்கும் பதிலாக இரண்டு பலகை வேண்டும். பக்கத்து ஊரில் ஒரு தச்சர் இருக்கிறார், எங்கள் பக்கம் ‘பாஸ்’ என்போம். சிங்களவர், என் வயதுதான். அவரிடம் போய்க் கேட்க எனக்கு மூன்று நாள் எடுத்தது. இரண்டு தடவை அவர் பட்டறை வாசல் வரை போய், உள்ளே ஆட்கள் இருந்ததால் நேரே நடந்து போய்விட்டேன். மூன்றாம் தடவை அவரே கூப்பிட்டு, தினமும் இந்தப் பக்கம் எங்கே போகிறாய் என்று கேட்டார்.

அவர் வந்து அறையைப் பார்த்தார். ஒரு முளையை எடுத்து அரைக் களிசானில் துடைத்தார். கறுப்பில் வெள்ளை வரிகள் தெரிந்தன. கித்துல் பனை மரத்தின் வெளிவயிரம் என்றார். பிறகு முழங்காலில் நின்று ஒவ்வொரு துளையாக விரலை விட்டுப் பார்த்தார். வந்தபோது முகத்தில் இருந்த சிரிப்பு எழுந்தபோது இல்லை.

“ஆணி நே, அண்ணே” என்றார். “ஒண்ணுகூட நே.” சிங்களத்தில் ‘நே’ என்றால் இல்லை.

ஏன் அப்படிச் செய்திருப்பார்கள் என்று கேட்டேன். இந்த ஈரத்தில் இரும்பு நிற்காது, அது தெரிந்தவன் செய்திருக்கிறான் என்றார் அவர். குசினியிலிருந்து என் மனைவி, அந்த நேரத்தில் இந்த வீட்டில் யாரோ மாசமாக இருந்திருப்பாள் என்றாள். எது சரி என்று எனக்குத் தெரியாது. இன்றைக்கும் தெரியாது.

பாஸ் சொன்னார், இதற்கெல்லாம் மெனக்கெட வேண்டாம், புதுப் பலகை கொண்டுவந்து ஒரே நாளில் ஸ்க்ரூ போட்டுத் தருகிறேன் என்று.

“ஸ்க்ரூவும் வேணாம் பாஸ்” என்றாள் மனைவி.

“அப்ப அக்கா, பலகைக்குப் பூஜ வச்சு, அசையாம நில்லுன்னு சொல்லுங்க.”

சிரித்துக்கொண்டே போனார். ஆனால் பழைய இரண்டு பலகையையும் தோளில் தூக்கிக்கொண்டுதான் போனார். அதே அளவுக்கு, அதே இடத்தில் துளை போட்டுத் தன் பட்டறையிலேயே புதுசு செய்துகொண்டு வருவதாகச் சொன்னார்.

நான் மற்ற ஒன்பது பலகையையும் கழற்றி, மலைத் தண்ணீர் விழும் பீலியில் கழுவி, வேலியோடு சாத்திக் காயவைத்தேன். கழுவும்போதுதான் கண்டேன். ஒவ்வொன்றின் அடிப்பக்கத்திலும், ஒரு முனையில், கத்தியால் சாய்வாகக் கீறியிருந்தது. ஒன்றில் ஒரு கீறல், ஒன்றில் இரண்டு. ஐந்துக்குப் பதிலாக ஒரு நீளக் கீறல். எண் என்பது புரிந்துவிட்டது. எனக்கு ஒரே சந்தோஷம். இனி என்ன, ஒன்று இரண்டு என்று வரிசையாக வைத்து முளையைப் போட வேண்டியதுதான்.

இரண்டு புதுப் பலகையும் வந்தன. பாஸ் பழையதைப் பார்த்து அந்தக் கீறலையும் அப்படியே கீறியிருந்தார். வாசலிலிருந்து தொடங்கினேன். கீறல் உள்ள முனைதானே தலை, தலை மேலேதானே இருக்கும் என்று அதை மலைப்பக்கம் வைத்தேன். முதல் பலகையின் துளையும் சட்டத்தின் துளையும் சேரவில்லை. அரை அங்குலம் விலகி நின்றது. இரண்டாவது ஒரு அங்குலம். மூன்றாவதில் ஒரு துளை சேர்ந்தது, மற்ற நாலும் சேரவில்லை. கழுவியதில் பலகை ஊதிவிட்டதோ என்று நினைத்தேன். ஒரு நாள் காயவைத்துப் பார்த்தேன். அதேதான். முன்னுக்குப் பின் மாற்றினேன். ஒற்றைப்படையை ஒரு பக்கமும் இரட்டைப்படையை ஒரு பக்கமும் வைத்துப் பார்த்தேன். மூன்று நாள் இப்படியே போனது. மகளுக்கு வளையல் போட்டுவிட்டார்கள், வெள்ளிக்கிழமை வருகிறார்கள் என்று போன் வந்தது. அன்றைக்குச் செவ்வாய்.

அறையில் தரையே இல்லை. ஐந்து சட்டமும் அடியில் விறகும்தான் தெரிந்தன.

மனைவி கோபப்படவில்லை. தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்.

“முடியலன்னா சொல்லிருங்க. மாமியா வீட்டுலயே இருக்கட்டும். ஒண்ணும் ஆகாது.”

ஒன்றும் ஆகாது என்று அவள் சொன்ன விதத்தில்தான், அவளும் அந்தத் தகரம் அடித்த நாளை மறக்கவில்லை என்பது எனக்கு விளங்கியது. சுத்தியலை எடுத்து, சட்டத்தில் கண்ட இடத்தில் நாலு ஆணி அடித்தால் ஒரு மணி நேரத்தில் தரை நிற்கும். நானும் அதை நினைத்தேன். நினைக்கவில்லை என்று எழுதினால் பொய்.

புதன்கிழமை விடியும்போது மழை விட்டிருந்தது. காலையில் ஆள் கணக்கு எடுக்கும் பிரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்துவிட்டு என் மலைக்குப் போனேன். முதல் மரத்தடியில் நின்று கத்தியை வைத்தேன். பால் வெட்டு என்பது இடது பக்கம் உயரத்தில் தொடங்கி, வலது பக்கம் சாய்வாக இறங்க வேண்டும். இறங்கிய இடத்திலிருந்து நேராகக் கீழே ஒரு சின்ன வாய்க்கால் கீறி விட்டால், பால் அதில் ஓடிச் சிரட்டைக்குள் விழும். எத்தனையோ வருடமாகக் கை செய்யும் வேலை, கண்ணால் பார்ப்பதுகூட இல்லை. அன்றைக்குப் பார்த்தேன். வெள்ளையாகப் பால் ஊறி, சாய்வில் இறங்கி, வாய்க்காலில் திரும்பிக் கீழே ஓடியது.

அந்தச் சாய்வையும் வாய்க்காலையும் விரலால் ஒரு தடவை தடவிப் பார்த்தேன்.

பலகையில் இருந்ததும் இதுதான். ஒவ்வொரு பலகையிலும் கடைசிக் கீறலின் நுனியில், பலகையின் முனையைப் பார்த்து, ஒரு சின்ன நேர்க்கீறல் இருந்தது. கத்தி வழுக்கியது என்று நான் அதைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. கத்தி வழுக்கவில்லை. அது பால் ஓடும் வாய்க்கால். நான் பலகையை வைத்த விதத்தில் பால் மலைமேல் ஏற வேண்டும். பால் எப்படி மேலே ஏறும்? கீறல் உள்ள முனை பள்ளத்துப் பக்கம் இருக்க வேண்டும். அதோடு, எழுத்து இருப்பது அடிப்பக்கத்தில். மேலே வாசலில் நிற்கிறவனுக்கு அது எழுதப்படவில்லை. கீழே தூணுக்கு நடுவில், மரத்தைப் பார்த்து நிற்பதுபோல மலையைப் பார்த்து நின்று, அண்ணாந்து பார்க்கிறவனுக்கு எழுதியது. அவனுக்கு இடது கைப்பக்கத்தில்தான் ஒன்று. வாசல் இருப்பதோ வலது பக்கத்தில். நான் முழுத் தரையையும் தலைகீழாகப் படித்திருக்கிறேன்.

அன்றைக்கு மிச்ச மரங்களை எப்படி வெட்டினேன் என்று ஞாபகம் இல்லை. என் நினைப்பெல்லாம் அந்த ஆளின் மேல் இருந்தது. அவர் யார், எந்தக் காலம், ஒன்றும் தெரியாது. எண்ணை எழுத்தில் எழுதியிருந்தால் எழுத்துத் தெரிந்தவன் மட்டும்தான் படிப்பான். என்றைக்காவது ஒரு நாள் இந்தப் பலகையைக் கழற்றுகிறவன் ஒரு பால் வெட்டுக்காரனாகத்தான் இருப்பான் என்று அவருக்கு எப்படித் தெரிந்தது? நான் பிறப்பதற்கு எவ்வளவோ காலத்துக்கு முன்னால், முகம் தெரியாத ஒருவர், எனக்குப் புரிகிற பாஷையில் எனக்கு எழுதி, ஒரு தரைக்கு அடியில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். இதைவிடப் பெரிய விஷயம் எதுவும் எனக்கு நடந்ததில்லை.

பால் கொடுத்துவிட்டு நேரே வீட்டுக்கு ஓடினேன். இடது பக்கத்திலிருந்து ஒன்றாம் பலகை. வாய்க்கால் பள்ளத்தைப் பார்க்க. ஐந்து துளையும் ஐந்து துளைக்கு நேரே நின்றன. முளையை விட்டேன், தன் பாரத்திலேயே இறங்கி ‘டொக்’ என்று உட்கார்ந்தது. மேலேயிருந்து மனைவி முளை போட, கீழே நின்று நான் சிம்பு செருகினேன். அவள் வாய் ஓயவில்லை. “இன்னொண்ணு போச்சு”, “இதுவும் போச்சுங்க” என்று ஒவ்வொன்றுக்கும் சொன்னாள். மகளுக்குத் தலை வாரும்போது பேசுவாளே, அந்தக் குரல்.

ஐம்பத்து நாலு முளை இறங்கியது. கடைசி ஒன்று, பாஸ் செய்த புதுப் பலகையில், முழுவதும் இறங்காமல் நின்றது. அந்த முளை கீழே விழுந்து சேறு பட்டதால், அன்று காலையில்தான் மனைவி பீலியில் கழுவியிருந்தாள். ஊதிவிட்டது. நான் மேலே வந்து கட்டைவிரலால் அழுத்தினேன், குதிகாலால் மிதித்தேன், அசையவில்லை. ஒரு தட்டுத் தட்டினால் போதும். அது ஆணி இல்லை, மரம்தான். ஆனால் அடி அடிதானே. ஒரு விரற்கடை உயரத்துக்கு அது நீட்டிக்கொண்டு நிற்க, அப்படியே விட்டோம். யாரும் தடுக்கி விழாமல் மனைவி அதன்மேல் ஒரு சிரட்டையைக் கவிழ்த்தாள்.

வெள்ளிக்கிழமை மகள் வந்தாள். கை நிறைய வளையல். அறை வாசலில் நின்று, என்னைப் பார்க்காமல், தரையைப் பார்த்துக் கேட்டாள்.

“அப்பா, ஆணி…”

“ஒண்ணுகூட இல்ல” என்றேன்.

அவளுக்கு அதற்கு மேல் எப்படி என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. அவள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் தரையில் உட்கார்ந்தாள். பலகையை உள்ளங்கையால் தடவினாள். அப்புறம் அங்கேயே ஒருக்களித்துப் படுத்துத் தூங்கிவிட்டாள். பஸ் களைப்பு.

ஆவணியில் இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் பிறந்தது. பெண் பிள்ளை. தாயும் பிள்ளையும் சுகமாக வந்து சேர்ந்தார்கள். முப்பது நாள் மனைவி அந்த அறைக்குள் தணல் சட்டி வைத்துச் சாம்பிராணி போட்டாள். முப்பத்தோராம் நாள் தீட்டுக் கழித்து, வீடு முழுவதும் மஞ்சள் தண்ணீர் தெளித்த பிறகு என்னைக் கூப்பிட்டு, இனி ஒன்றும் இல்லை, வேண்டுமானால் அந்த முளையை அடித்துவிடலாம் என்றாள்.

நான் அடிக்கவில்லை. கீழே போனேன். தூண்களுக்கு நடுவில், மலையைப் பார்த்து நின்று, கையை உயர்த்தி முளையின் நுனியைப் பிடித்து இழுத்தேன். தணல் சூட்டில் அது காய்ந்திருக்க வேண்டும். சும்மா இறங்கி வந்தது. சிம்பைச் செருகினேன்.

அந்த நேரம் மேலே பிள்ளை சிணுங்கியது. மகள் எழுந்து அதைத் தூக்கிக்கொண்டு நடக்கத் தொடங்கினாள். சுவர் வரை போய், திரும்பி, மறு சுவர் வரை. பிள்ளையைத் தட்டும் சத்தம் கேட்டது, ஏதோ முணுமுணுக்கும் சத்தமும் கேட்டது. அவள் பாதம் எந்தப் பலகையில் இருக்கிறது என்பது மட்டும் எனக்குத் தெரியவில்லை. பதினொரு பலகையில் ஒன்றுகூடக் கிறீச்சிடவில்லை. இரண்டு உயிரின் பாரம் என் தலைக்கு மேலே போய்ப் போய் வந்தது. பிள்ளை தூங்கும் வரை நான் அங்கேயே நின்றேன்.

ஐப்பசி மாதம், பௌர்ணமி, போயா லீவு நாள், பகல்.